அந்தக் கடிதம் போன பிறகு: சிகாகோ போலீஸ் சித்திரவதையும் 33 ஆண்டுப் போராட்டமும்

2020-ல் மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திய அந்த ஒன்பது நிமிடத்தை உலகமே போனில் பார்த்தது. அதனால் அமெரிக்கக் கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறை என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏதாவது ஒரு வீடியோதான். நான் எழுதப்போவது வீடியோவே இல்லாத வழக்கு. பூட்டிய அறை, வெளியே போய்ச் சொன்னாலும் எவனும் நம்பமாட்டான் என்று தெரிந்துவைத்திருந்த போலீஸ்காரர்கள், அப்புறம் ஒரு கடிதம். அவ்வளவுதான் ஆரம்பத்தில் இருந்தது.

கடிதத்தின் தேதி 1982 பிப்ரவரி 17. எழுதியவர் சிகாகோவின் குக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிறையில் மருத்துவப் பொறுப்பில் இருந்த டாக்டர் ஜான் ராபா. சிறைக்குப் புதிதாக வந்த ஆண்ட்ரூ வில்சன் என்ற கைதியைப் பரிசோதித்ததில் தான் கண்டதை எழுதுகிறார். முகத்திலும் தலையிலும் அடிபட்ட வீக்கம், கண்ணருகே கிழிசல், கன்னத்திலும் மார்பிலும் தொடையிலும் கோடு கோடாகக் கொப்புளங்கள். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குகிற இரும்பு ரேடியேட்டர் இருக்கிறதே, அதன் மேல் உடம்பை அழுத்தினால் வருகிற மாதிரியான தீப்புண். ஈறிலும் உதட்டிலும் பிறப்புறுப்பிலும் மின்சாரம் பாய்ச்சினார்கள் என்று கைதி சொல்கிறார், இதை உடனே விசாரிக்க வேண்டும் என்று முடிகிறது. கடிதம் நகரப் போலீஸ் தலைவர் ரிச்சர்ட் பிரெசெக்கிடம் போனது. அவர் அதைக் கவுண்டியின் தலைமை அரசு வழக்கறிஞருக்கு அனுப்பினார். அந்த நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் ரிச்சர்ட் எம். டேலி. எந்தப் போலீஸ்காரர் மீதும் வழக்குப் பாயவில்லை. டேலி 1989-ல் சிகாகோ மேயரானார், 2011 வரை, 22 வருடம் மேயராகவே இருந்தார்.

கடிதத்தை முன்னால் வைக்க எனக்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரி விஷயம் வெளியே வரும்போதெல்லாம் மேலே இருப்பவர்கள் சொல்வது இரண்டே வாக்கியம்: எங்களுக்குத் தெரியாது, ஒரு சில கெட்ட ஆட்கள் செய்தது. சிகாகோவில் இந்த இரண்டையும் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணமே காகிதம்தான். காகிதம் என்றால், அதைத் தூக்கிக்கொண்டு விடாமல் அலைந்த ஆட்கள்.

சரி, யார் செய்தது?

ஜான் பர்ஜ். வியட்நாம் போரில் ராணுவ போலீஸாக இருந்துவிட்டு 1970-ல் சிகாகோ போலீஸில் சேர்ந்தவர், 1972-ல் டிடெக்டிவ். வேலை பார்த்தது நகரத்தின் தெற்கே, கறுப்பின மக்கள் அடர்த்தியாக வாழும் சவுத் சைடை உள்ளடக்கிய ‘ஏரியா 2’ பிரிவில். 1972-லிருந்து 1991 வரை அவரும் அவருக்குக் கீழே வேலை பார்த்த வெள்ளைக்கார டிடெக்டிவ்களும் 100-க்கும் மேற்பட்டவர்களைச் சித்திரவதை செய்தார்கள். அகப்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பின ஆண்கள். கருவிகளைக் கேட்டால் விசேஷமாக ஒன்றும் கிடையாது. கையால் சுற்றினால் மின்சாரம் வரும் ஒரு கறுப்புப் பெட்டி, வயர், கிளிப். டைப்ரைட்டரை மூடி வைக்கிற பிளாஸ்டிக் உறை. அதைத் தலையில் மாட்டி மூச்சு முட்டும்வரை இழுத்துப் பிடிப்பது. வாயில் துப்பாக்கி முனை. போலீஸ் ஸ்டேஷனில் டைப்ரைட்டர் உறை இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? வேண்டியது ஒரு கையெழுத்து, வாக்குமூலத்தின் அடியில். அது கிடைத்துவிட்டால் மீதியைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொண்டது.

கூடுதல் தகவல் ஒன்று: பர்ஜ் ஒரு படகு வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘விஜிலான்டி’. சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்பவன் என்று அர்த்தம்.

இனி வில்சன் விஷயம். இந்த வழக்கில் பலர் தாண்டிப்போக நினைக்கிற இடம் இது. 1982 பிப்ரவரி 9-ஆம் தேதி இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஐந்து நாள் சவுத் சைடில் கதவுகளை உடைத்துக்கொண்டு நடந்த தேடுதல் வேட்டையில், சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேர் அடிபட்டார்கள். 14-ஆம் தேதி வில்சனும் அவர் தம்பியும் பிடிபட்டார்கள். கொலைக் குற்றத்தில் வில்சன் நிரபராதி என்று வாதாட இங்கே யாரும் வரவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது, வாக்குமூலம் வாங்கிய விதத்தைப் பார்த்து 1987-ல் சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மறுவிசாரணையில் வேறு ஆதாரங்களை வைத்து மறுபடி குற்றவாளி என்றே தீர்ப்பு, ஆயுள் தண்டனை. ஆக சித்திரவதையை முதலில் அம்பலப்படுத்திய மனுதாரர் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றவர். அவருக்காக அழ யார் வருவார்கள்? என்னைக் கேட்டால், இந்த வழக்கு முப்பது வருடம் இழுத்ததற்கு பாதிக் காரணம் இதுதான். சித்திரவதை கூடாது என்பது நல்லவர்களுக்கு மட்டும் பொருந்துகிற விதி என்று நாமெல்லாம் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கிறோம், அதை நம்பித்தான் அந்த அறைக்கதவும் பூட்டப்படுகிறது.

வில்சன் சிறையிலிருந்தபடியே நகரத்தின் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். எடுத்து நடத்தியது பீப்பிள்ஸ் லா ஆபீஸ் என்ற சின்ன வழக்கறிஞர் குழு. 1969 டிசம்பரில் பிளாக் பேந்தர் என்ற கறுப்பின உரிமை இயக்கத்தின் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் படுக்கையிலேயே போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டாரே, அந்த வழக்கைப் பதிமூன்று வருடம் விடாமல் நடத்திய அதே ஆட்கள். 1989-ல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது அவர்கள் ஆபீசுக்கு ஒரு கவர் வந்தது. கவர் போலீஸ் துறையினுடையது. உள்ளே டைப் செய்த, கையெழுத்தில்லாத கடிதம். அப்புறம் இன்னொன்று. எழுதியவர் உள்ளே இருக்கும் ஆள் என்பது மட்டும் தெளிவு, யார் என்பது கடைசிவரை வெளியே வரவில்லை. மெல்வின் ஜோன்ஸ் என்பவரைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு கடிதத்தில் இருந்தது. போனார்கள். வில்சனுக்கு ஒன்பது நாள் முன்னால் அதே ஏரியா 2-ல் அதே மின்சாரம் ஜோன்ஸுக்கும் பாய்ந்திருக்கிறது. அதை அவர் 1982-லேயே கோர்ட்டில் சொல்லியிருக்கிறார், பதிவாகியும் இருக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கவில்லை. ஜோன்ஸை மிரட்டும்போது பர்ஜ் பெருமையாக இரண்டு பட்டப்பெயர்களைச் சொன்னாராம், அவர்களே என் காலடியில் தவழ்ந்தார்கள் என்கிற தோரணையில். அதில் ஒரு பட்டப்பெயர் ஆந்தணி ஹோம்ஸ் என்பவருடையது, 1973-ல் சித்திரவதை செய்யப்பட்டவர். இப்படி ஒருவரைப் பிடித்து இன்னொருவர், அவரைப் பிடித்து இன்னொருவர் என்று பட்டியல் நீண்டது. பர்ஜின் வாய்ச்சவடாலே பர்ஜுக்கு எதிரான சாட்சிப் பட்டியலாகிவிட்டது.

அந்த வழக்கின் தீர்ப்பைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. முதல் ஜூரியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாவது ஜூரி என்ன சொன்னது என்றால், போலீஸைக் கொன்றதாகச் சந்தேகிக்கப்படுபவர்களை வதைப்பது இந்த நகரத்தின் நடைமுறையாக இருந்திருக்கிறது, வில்சனின் உரிமையும் மீறப்பட்டிருக்கிறது, ஆனால் அந்த நடைமுறையால் வில்சன் பாதிக்கப்படவில்லை. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஜூரி விட்ட இடத்திலிருந்து தெரு எடுத்துக்கொண்டது. சிட்டிசன்ஸ் அலெர்ட் என்ற குடிமக்கள் அமைப்பு அந்தச் சாட்சியங்களைத் தூக்கிக்கொண்டு நகர்மன்றம், போலீஸ் வாரியம் என்று ஏறி இறங்கியது. ஊர்வலம், மறியல், பர்ஜை வேலையை விட்டு அனுப்பு என்ற ஒரே கோரிக்கை. 1990 ஜனவரியில் ‘சிகாகோ ரீடர்’ வாரப் பத்திரிகையில் ஜான் கான்ராய் எழுதிய நீண்ட கட்டுரை ஊரையே படிக்க வைத்தது. ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பு விசாரணை கேட்டது. கடைசியில் போலீஸ் துறையின் சொந்த விசாரணைப் பிரிவே ஓர் அறிக்கை தயாரித்தது. மைக்கேல் கோல்ட்ஸ்டன் என்ற விசாரணையாளர் 50 சம்பவங்களை அடுக்கி, இது திட்டமிட்ட, முறையாக நடந்துவந்த சித்திரவதை, மேலதிகாரிகளுக்குத் தெரிந்தே நடந்தது என்று எழுதினார். அதை நகர நிர்வாகம் பெட்டியில் போட்டுப் பூட்டியது. 1992-ல் ஒரு ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி உத்தரவிட்ட பிறகே வெளியே வந்தது. 1993 பிப்ரவரியில் பர்ஜ் டிஸ்மிஸ். பென்ஷன் மட்டும் போகவில்லை. ஃபுளோரிடாவில் போய் வீடு வாங்கிக் குடியேறினார்.

இதோடு கதை முடிந்தது என்று நகரம் நினைத்தது. ஆனால் அந்த வாக்குமூலங்களை வைத்துத் தண்டிக்கப்பட்டவர்கள் எல்லாரும் உள்ளேயேதான் இருந்தார்கள், அதிலும் சிலர் மரண தண்டனைக் கைதிகளாக.

1998-ல் அந்தக் கைதிகளில் பத்துப் பேர் தாங்களே ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ‘டெத் ரோ டென்’ என்று பெயர். மரண தண்டனைக் கொட்டடியிலிருந்து கடிதம் எழுதி, வெளியே மரண தண்டனை எதிர்ப்பு இயக்கத்தோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார்கள். கூட்டம் நடக்கும் அரங்கத்துக்குச் சிறையிலிருந்து போன் வரும், அதை ஸ்பீக்கரில் போடுவார்கள், தூக்கு நிழலில் இருக்கும் ஓர் ஆள் நேரடியாகப் பேசுவார். மேடைக்குக் கீழே அவர் அம்மா உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாக்கள்தான் சர்ச், கல்லூரி, ஆளுநர் மாளிகை என்று போகாத இடமில்லை. ஆளுநர் ஜார்ஜ் ரயன் குடியரசுக் கட்சிக்காரர், மரண தண்டனையை ஆதரித்து ஓட்டுப் போட்டவர். இலினாயில் நிரபராதி என்று விடுதலையானவர்களின் எண்ணிக்கை தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களைத் தாண்டிப்போனதைப் பார்த்து ஆடிப்போயிருந்தவர். 2003 ஜனவரி 10-ஆம் தேதி அந்தக் கைதிகளில் நான்கு பேருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தார். மறுநாள் மாநிலத்திலிருந்த 167 மரண தண்டனைகளையும் குறைத்தார்.

இங்கே டேரல் கேனன் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 1983 நவம்பரில் ஏரியா 2 டிடெக்டிவ்கள் அவரை ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் ஷாட்கன்னில் தோட்டா போடுகிற சத்தம், அப்புறம் குழல் வாய்க்குள், அப்புறம் விசை. க்ளிக். தோட்டா இல்லை. மறுபடி. மூன்று தடவை. அடுத்து மாடு விரட்டுகிற மின்கோல். கையெழுத்துப் போட்டார். உள்ளே போய் இருபது வருடத்துக்கு மேல். சிறையிலிருந்து அவரே கைப்பட வழக்குப் போட்டபோது, 1988-ல் நகரம் 3,000 டாலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது. அவரும் வாங்கிக்கொண்டார், யார் நம்பப்போகிறார்கள் என்ற நிலை. அவர் மீதான வழக்கு தள்ளுபடியாகி, உண்மையெல்லாம் வெளியே வந்த பிறகு அவர் மறுபடி வழக்குப் போட்டார். நகரம் அந்த 1988 சமரசப் பத்திரத்தைத் தூக்கிக் காட்டியது. 2014-ல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே ஏற்றது. 3,000 டாலர் வாங்கிவிட்டாய், போ.

பர்ஜுக்கு வருவோம். 2002-ல் தனி அரசு வழக்கறிஞரை நியமிக்க வேண்டிவந்தது. ஏன் தனி ஆள்? அப்போதைய தலைமை அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் டிவைன், முன்பு டேலியிடம் முதன்மை உதவியாளராக இருந்தவர், நடுவில் தனியார் வக்கீலாக இருந்தபோது பர்ஜுக்காகவே ஆஜரானவர். சிகாகோ சின்ன ஊர்தான் போல! நான்கு வருடம் எடுத்துக்கொண்டு, பல லட்சம் டாலர் செலவழித்து 2006-ல் அறிக்கை வந்தது. சித்திரவதை நடந்தது உண்மை, ஆனால் வழக்குப் போடும் காலவரம்பு முடிந்துவிட்டது. காலவரம்பு முடியும்வரை கடிதத்தை யார் வைத்திருந்தார்கள் என்பதுதான் ஊருக்கே தெரியுமே.

கடைசியில் பர்ஜ் மாட்டியது பொய்யில். 2003-ல் ஒரு சிவில் வழக்கில், நான் யாரையும் சித்திரவதை செய்ததில்லை, நடந்ததாகவும் தெரியாது என்று எழுத்துமூலமாகப் பதில் கொடுத்திருந்தார். பழைய குற்றத்துக்குத்தான் காலவரம்பு, இந்தப் பொய் புதுசு. 2008 அக்டோபரில் ஃபுளோரிடா வீட்டில் கைது. 2010 ஜூனில் குற்றவாளி என்று தீர்ப்பு. வில்சன் 2007-லேயே சிறையில் இறந்துவிட்டிருந்தார், அவருடைய பழைய சாட்சியத்தைக் கோர்ட்டில் வாசித்தார்கள். தண்டனை நாலரை வருடம். பென்ஷன் வாரியத்தில் வாக்கெடுப்பு நான்குக்கு நான்கு என்று சமமாக நின்றதால் பென்ஷன் தொடர்ந்தது.

நாலரை வருடம். உள்ளே இருபது, முப்பது வருடம் கிடந்தவர்களுக்கு இதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும்? ஆனால் எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் கோர்ட் கொடுக்கக்கூடிய எதுவும் பத்தாது என்று தெரிந்த பிறகு, அப்படியானால் நமக்கு என்னதான் வேண்டும் என்று அந்த மக்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்.

ஸ்டாண்டிஷ் வில்லிஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர் பல வருடமாக ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார். ‘ரெபரேஷன்ஸ்’. தமிழில் இதை இழப்பீடு என்று எழுதுகிறார்கள், எனக்குத் திருப்தியில்லை. நஷ்டஈடு பணத்தோடு முடிந்துவிடும். இவர்கள் கேட்டதற்கு நம்மிடம் இருக்கிற கிட்டத்துச் சொல் பரிகாரம்தான்: செய்தவன் ஒப்புக்கொள்ள வேண்டும், ஊரறியச் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு வேண்டியதைச் செய்ய வேண்டும், மறக்காமல் இருக்க வேண்டும். ‘சிகாகோ டார்ச்சர் ஜஸ்டிஸ் மெமோரியல்ஸ்’ என்ற குழுவை வழக்கறிஞர்களும் ஓவியர்களும் ஆசிரியர்களும் சித்திரவதைக்கு உள்ளானவர்களும் சேர்ந்து தொடங்கினார்கள். ஒரு நினைவிடம் எப்படி இருக்க வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் கற்பனை செய்து அனுப்பலாம் என்று அழைப்பு விட்டு, 2012-ல் கண்காட்சி வைத்தார்கள். அதில் வந்த யோசனைகளையும் சேர்த்து ஜோயி மோகல் என்ற வழக்கறிஞர் ஒரு நகர்மன்றச் சட்ட வரைவை எழுதினார். 2013 அக்டோபரில் இரண்டு கவுன்சிலர்கள் அதைத் தாக்கல் செய்தார்கள். தாக்கல் ஆனதோடு சரி, ஒரு வருடத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது.

அதைக் கிளப்பியவர்கள் சின்னப் பிள்ளைகள். 2014 மே மாதம் போலீஸின் டேசர் மின்துப்பாக்கி பாய்ந்து 23 வயது இளைஞர் ஒருவர் சிகாகோவில் இறந்தார். அவருடைய நண்பர்களும் மற்ற இளைஞர்களும் ‘வீ சார்ஜ் ஜெனோசைட்’ என்று குழு அமைத்தார்கள். இனப்படுகொலை என்று குற்றம் சாட்டுகிறோம் என்று அர்த்தம். பெயர் புதிதல்ல, 1951-ல் வில்லியம் பேட்டர்சனும் பால் ராப்சனும் கறுப்பின மக்கள் சார்பில் ஐ.நா.விடம் கொடுத்த மனுவின் பெயர். அந்த நவம்பரில் எட்டு இளைஞர்கள் ஜெனீவாவுக்குப் போய், சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழுவின் முன் நின்றார்கள். அமெரிக்கா 1994-ல் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தை உறுதிசெய்த நாடு. (இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை. அது தனிக் கதை.) அமெரிக்க அரசுப் பிரதிநிதிகள் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பிள்ளைகள் எழுந்து சத்தமில்லாமல் நின்றார்கள். ஐ.நா. குழு தன் அறிக்கையில் சிகாகோவின் அந்த வரைவைப் பெயர் சொல்லி ஆதரித்தது.

ஊரில் அது தேர்தல் காலம். மேயர் ராம் இமானுவேல் 2015 பிப்ரவரியில் முதல் சுற்றில் ஜெயிக்க முடியாமல் ஏப்ரல் 7-ஆம் தேதி இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டிருந்தார். கறுப்பின ஓட்டு இல்லாமல் கரையேற முடியாது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் போராட்டக்காரர்கள் ரயிலில் பாட்டுப் பாடினார்கள், நகர்மன்றக் கட்டடத்தில் போய் உட்கார்ந்தார்கள், மேயர் வீட்டு முன் இருட்டில் ஒளி எழுத்துகளைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். ஏப்ரல் 14-ஆம் தேதி உடன்பாடு அறிவிக்கப்பட்டது. மே 6-ஆம் தேதி நகர்மன்றம் ஒருமனதாகச் சட்டத்தை நிறைவேற்றியது. சித்திரவதைக்கு உள்ளானவர்கள் அவையில் இருந்தார்கள். பெயர்களை வாசிக்க, எழுந்து நின்றார்கள், கவுன்சிலர்கள் அவர்கள் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். மேயர் நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

கிடைத்தது என்ன? 55 லட்சம் டாலர் நிதி, ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் வரை; 57 பேர் பெற்றார்கள். கேனனுக்கும் கிடைத்தது, பழைய 3,000 போக. அவர்களுக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கும் நகரக் கல்லூரிகளில் இலவசப் படிப்பு. சவுத் சைடில் மனநல ஆலோசனை மையம், 2017-ல் திறந்தது. பொதுப் பள்ளிகளில் 8-ஆம், 10-ஆம் வகுப்புகளில் இந்த வரலாறு பாடம். பொது நினைவிடம். இந்த வழக்குகளுக்காக நகரமும் கவுண்டியும் மாநிலமும் செலவழித்தது மொத்தம் 10 கோடி டாலருக்கு மேல் என்பதோடு ஒப்பிட்டால் 55 லட்சம் சின்னத் தொகைதான். இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பணம் கிடையாது என்பதும் சட்டத்தில் இருந்த ஓட்டை. ஆனாலும் இன ரீதியான போலீஸ் வன்முறைக்கு ஒரு அமெரிக்க நகரம் இப்படிச் சட்டம் போட்டுப் பரிகாரம் செய்தது இதுதான் முதல் தடவை.

ரொம்பவும் மேயரைப் பாராட்டிவிட வேண்டாம். உடன்பாடு அறிவித்த மறுநாள், ஏப்ரல் 15-ஆம் தேதி, அதே நகர்மன்றம் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுப் பையனின் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புதல் அளித்தது. அவனைப் போலீஸ் 16 முறை சுட்டுக் கொன்ற வீடியோ அப்போது நகரத்தின் கையில் இருந்தது. வெளியே விடவில்லை. நவம்பரில் நீதிபதி உத்தரவிட்ட பிறகே விட்டார்கள். ஒரு கையால் பழைய அறையைத் திறந்துகொண்டே இன்னொரு கையால் புது அறையைப் பூட்டியிருக்கிறார்கள்.

பாடம் பள்ளிகளுக்குப் போனது. போலீஸ் குடும்பங்கள் நிறைய வாழும் வடமேற்குப் பகுதியில் சில பெற்றோர்கள் எதிர்த்தார்கள்: என் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து தன் அப்பாவைப் பற்றி இதைக் கேட்க வேண்டுமா என்று. பர்ஜ் 2018 செப்டம்பரில் இறந்தபோது போலீஸ் சங்கம், அவர் வழக்குகளின் முழுக் கதை இன்னும் சொல்லப்படவில்லை என்று இரங்கல் வெளியிட்டது. அது என்ன மீதிக் கதை என்று சங்கம் சொல்லவில்லை.

நினைவிடத்துக்கு 2019-ல் வடிவம் தேர்வானது. அப்புறம் இடம், அப்புறம் நிதி, அப்புறம் இன்னொரு கூட்டம். இமானுவேல் போய் லோரி லைட்ஃபுட் வந்தார், அவரும் போய் 2023-ல் பிராண்டன் ஜான்சன் வந்தார். ஜான்சன் பதவியேற்ற நாளிலும் அது கட்டப்படாமல்தான் இருந்தது. சட்டத்தில் எழுதியதில் அப்போது அது ஒன்றுதான் பாக்கி, அதற்காக அதே ஆட்கள் மறுபடி நகர்மன்றத்துக்கு மனு எழுத ஆரம்பித்தார்கள்.